லாக் ஓபரானுக்கு அடுத்த பாடத்தை எங்கே படிப்பது?

அன்புள்ள ஐயா,

தங்கள் மகள் பிளஸ் டூ விலங்கியலில் லாக் ஓபரான் (லாக்டோஸ் சர்க்கரை வந்தால் மட்டும் இயங்கும் பாக்டீரியாவின் மரபணுத் தொகுதி) படித்த அன்று, "பாக்டீரியாவின் மரபணுவை லாக்டோஸ் இயக்குகிறது என்றால், கேரட்டில் உள்ள சத்து நம் மரபணுவை ஏதும் செய்யுமா?" என்று கேட்டதாகவும், அதன்பின் மருத்துவம் வேண்டாம், ஆராய்ச்சியே வேண்டும் என்று சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். உங்கள் கவலை நியாயமானதுதான். ஆனால் அந்தக் கேள்வியை முதலில் மதிக்க வேண்டுகிறேன். அதற்கு விடை தேடியே ஓர் ஆய்வுத்துறை வளர்ந்திருக்கிறது.

கேரட்டின் பீட்டா கரோட்டின் உடலில் வைட்டமின் ஏ ஆகிறது. அதில் ஒரு பகுதி உயிரணுக்களுக்குள் ரெட்டினாயிக் அமிலமாகிறது. அதை ஏற்கும் புரதத்தை 1987இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் பியர் ஷாம்போன் குழுவும், கலிஃபோர்னியாவின் சால்க் நிறுவனத்தில் ரொனால்ட் எவன்ஸ் குழுவும் தனித்தனியே கண்டறிந்தன. உயிரணுவின் உட்கருவில் மரபணுக்களை இயக்கும் இத்தகைய புரதங்களை உட்கரு ஏற்பிகள் என்பர்; மனித உடலில் உள்ள 48 உட்கரு ஏற்பிகளுள் இதுவும் ஒரு வகை. இது மற்றோர் ஏற்பியுடன் இணைசேர்ந்து, ரெட்டினாயிக் அமிலம் வருவதற்கு முன்பே டி.என்.ஏ.வின் குறிப்பிட்ட வரிசையில் அமர்ந்து, அடக்கும் புரதங்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு அருகிலுள்ள மரபணுவை மூடியே வைத்திருக்கும். அமிலம் வந்து பொருந்தியதும் ஏற்பியின் முனையிலுள்ள சிறு சுருள் ஒன்று இடம் மாறுகிறது. அடக்கும் புரதங்கள் விலக, தூண்டும் புரதங்கள் வந்து சேர, மரபணுவை ஆர்.என்.ஏ.வாக நகலெடுக்கும் படியெடுத்தல் தொடங்குகிறது. லாக் ஓபரானில், மரபணுவை மூடிவைக்கும் அடக்கிப் புரதம் டி.என்.ஏ.வை விட்டே அகன்றுவிடும். இங்கே ஏற்பி இருந்த இடத்திலேயே இருந்து துணையை மட்டும் மாற்றிக்கொள்கிறது. இந்த வேறுபாட்டைத் தங்கள் மகளிடம் சொல்லிப் பாருங்கள். அவர் அடுத்து என்ன கேட்கிறார் என்பது, நான் வைக்கும் எந்தத் திறனறித் தேர்வையும்விட அதிகம் உணர்த்தும்.

மருத்துவத்தை விட்டுவிடுகிறாரே என்று வருந்துகிறீர்கள். இந்த ஏற்பியின் மரபணு உடைந்து வேறொரு மரபணுவுடன் ஒட்டிக்கொள்வதால் வரும் ஒருவகை இரத்தப் புற்றுநோயை, 1980களில் ஷாங்காயில் வாங் ஜென்யி குழுவினர் ரெட்டினாயிக் அமிலம் கொடுத்தே கட்டுப்படுத்தினர். முதிராமல் நின்ற இரத்த அணுக்கள் முதிரத் தொடங்கின. ஆகவே நோயாளிக்கு உதவும் வழி இதிலும் உண்டு. ஆனால் அது நீண்ட வழி.

நீளம் எவ்வளவு என்பதை மறைக்காமல் சொல்கிறேன். ஐ.ஐ.எஸ்.இ.ஆர். எனப்படும் மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆய்வு நிறுவனங்களில் பி.எஸ்.-எம்.எஸ். என்னும் இளநிலை, முதுநிலை இணைந்த படிப்பு ஐந்து ஆண்டுகள்; முனைவர் பட்டத்துக்கு மேலும் ஐந்து அல்லது ஆறு ஆண்டுகள். நமக்கு அருகில் திருப்பதியிலும் திருவனந்தபுரத்திலும் இவை உள்ளன. நுழைவுத் தேர்வின் 60 கேள்விகளில் 15 கணிதம். மகள் கணிதம் இல்லாத பிரிவில் படிக்கிறார் என்றால் இன்றே பதினோராம் வகுப்புக் கணிதப் புத்தகத்தை எடுக்கட்டும். அங்கே இடம் கிடைக்காவிட்டால் பி.எஸ்சி. உயிர்வேதியியல் முடித்து, ஜாம் அல்லது காட்-பி என்னும் தேசிய நுழைவுத் தேர்வு எழுதி எம்.எஸ்சி.க்குப் போகலாம். பின்னர் தேசிய அளவிலான நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்னும் ஆய்வு உதவித்தொகை பெற்றால், ஆய்வின் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும் பிறகு அதைவிடச் சற்று அதிகமும் கிடைக்கும் என்பதால், அந்தச் செலவு உங்கள் தலையில் விழாது.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். மாணவர்கள் வாரத்தில் எத்தனை மணி நேரம் ஆய்வகத்தில் தம் கையால் வேலை செய்கிறார்கள் என்று கேளுங்கள். இத்துறையில் அன்றாட வேலை, மின்மினிப் பூச்சியின் ஒளிரும் மரபணுவுக்கு முன்னால் ஏற்பி அமரும் டி.என்.ஏ. வரிசையை இணைத்து, அதை உயிரணுக்களுக்குள் செலுத்தி, அமிலத்தைச் சேர்த்து, எவ்வளவு ஒளி வருகிறது என்று அளப்பது. அமிலம் வெளிச்சம் பட்டால் கெடும் என்பதால் மங்கிய ஒளியிலேயே கையாள வேண்டும். ஒரே சோதனையைப் பலமுறை செய்தும் அளவு பொருந்தாமல் போகும் வாரங்கள் உண்டு. வேதியியல் செய்முறை வகுப்பில் டைட்ரேஷன் அளவு பொருந்தாதபோது தங்கள் மகள் சலித்துக்கொள்கிறாரா, மறுபடி செய்து பார்க்கிறாரா என்பதை அவருடைய ஆசிரியரிடம் கேட்டறிந்து எனக்கு எழுதுங்கள். நீட் விண்ணப்பத்தையும் இவ்வாண்டு கைவிட வேண்டாம். இரண்டு தேர்வுகளையும் எழுதட்டும், முடிவுகள் வந்த பின் மூவரும் உட்கார்ந்து பேசுவோம்.