நகராட்சி வேலையில் சேர்ந்தால் ஆர்க்கிடெக்டின் திறமை துருப்பிடித்துவிடுமா?

கேள்வி: "பி.ஆர்க் முடித்துவிட்டேன். நகராட்சித் திட்டப் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது. சேர்ந்தால் காலம் முழுக்க வடிகால் பிளானிலேயே போய்விடுமா?"

போனாலும் போகும், பொய் சொல்ல மாட்டேன். நானும் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். அப்படிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் எனக்கு ஆல்டோ வான் ஐக் என்ற டச்சுக் கட்டிடக் கலைஞர்தான் நினைவுக்கு வருவார்.

சூரிச்சில் படித்தவர். 1946இல் ஆம்ஸ்டர்டாம் நகராட்சியின் நகர வளர்ச்சிப் பிரிவில் சேரும்போது வயது 28. அங்கே தலைமையில் இருந்தவர் கார்னெலிஸ் வான் ஈஸ்டரன். லேசுப்பட்ட ஆள் இல்லை; சியாம் என்ற நவீனக் கட்டிடக் கலைஞர்களின் சர்வதேச அமைப்புக்கே அப்போது அவர்தான் தலைவர். வீடு ஒரு பக்கம், தொழிற்சாலை ஒரு பக்கம், பூங்கா ஒரு பக்கம் என்று நகரத்தைப் பாகம் பிரிக்கும் சிந்தனை அவர்களுடையது. அந்த ஆபீசில் புதுப் பையன் கைக்கு வந்த வேலை, பெர்டெல்மன்பிளைன் என்ற சின்னச் சதுக்கத்தில் ஒரு குழந்தைகள் விளையாட்டிடம். அதே பிரிவில் இருந்த யாக்கோபா மூல்டர் என்ற பெண் திட்டக் கலைஞர்தான் அதற்குப் பின்னால் நின்றவர். 1947இல் முடிந்தது.

என்னதான் வைத்தார்? கான்கிரீட் விளிம்பு கட்டிய மணல்குழி, குட்டிக்கரணம் போடக் கம்பிகள், பெஞ்சுகள், மரங்கள். அவ்வளவுதான். அந்த விளிம்பின் அகலத்தைத்தான் நான் மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வேன். பிள்ளை அதன்மேல் மணல் இட்லி தட்டலாம், ஓடலாம், அம்மா உட்காரலாம். ஒரே கான்கிரீட் பட்டை, யார் வருகிறார்களோ அவர்களுக்கு ஏற்ற பொருளாகிவிடும். யானை, ஒட்டகம் மாதிரி பொம்மை வடிவங்களை அவர் வைக்கவில்லை. பொருள் யானையாகப் பிறந்துவிட்டால் அது யானை மட்டும்தான். வெறும் வளைவுக் கம்பி என்றால் இன்றைக்குக் கப்பல், நாளைக்குக் குகை.

அக்கம்பக்கத்தார் எங்கள் தெருவுக்கும் வேண்டும் என்று நகராட்சிக்கு எழுத ஆரம்பித்தார்கள். அந்த ஊரில் காலி மனைக்கும் பஞ்சமில்லை, அந்தக் காரணத்தைச் சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. நாஜிகள் யூதர்களை நாடுகடத்தியதில் வீடுகள் ஆளில்லாமல் கிடந்தன. 1944-45 பஞ்சக் குளிரில் விறகுக்காக அவற்றின் உத்தரம், படிக்கட்டு, தரைப்பலகை எல்லாவற்றையும் சனங்கள் பிடுங்கிக்கொண்டு போனார்கள். பல வீடுகள் சரிந்தன. இரண்டு சுவர்களுக்கு நடுவே பல் விழுந்த மாதிரி இடைவெளிகள். அப்படிப்பட்ட பொந்துகளில்தான் மணலும் கம்பியும் போய் உட்கார்ந்தன. 1951இல் வேலையை விட்டுச் சொந்த ஆபீஸ் போட்ட பிறகும் நகராட்சிக்காக வரைந்துகொண்டே இருந்தார். 1978 வரை 700க்கும் மேற்பட்ட விளையாட்டிடங்கள்!

பெரிய பிளான் எதுவும் போடாமலே ஒரு நகரத்தை மாற்றியிருக்கிறார். என் கணக்கில் அவருடைய முதல் நகர வடிவமைப்பு அதுதான். 1956இல் டுப்ரோவ்னிக்கில் நடந்த சியாம் மாநாட்டுக்கு மற்றவர்கள் குடியிருப்புத் திட்டங்களோடு வந்தபோது, இவர் இந்த விளையாட்டிடங்களைத்தான் கொண்டுபோய் வைத்தார். பனி விழுந்தால் நகரம் குழந்தைகளுடையதாகிவிடுகிறது, பனியைவிட நிலைத்து நிற்கும் ஒன்றை அவர்களுக்குக் கொடுப்போம் என்பது வாதம். இவரும் சேர்ந்து டீம் 10 என்ற பெயரில் திரண்ட இளம் கட்டிடக் கலைஞர்களின் நெருக்குதலில் 1959இல் சியாமே கலைந்தது. பழைய மேலதிகாரி தலைமை தாங்கிய அமைப்பு! நகராட்சியில் வேலை பார்த்தவர் வாய் திறக்க மாட்டார் என்று யார் சொன்னது?

1960இல் முடிந்த ஆம்ஸ்டர்டாம் அநாதை இல்லம்தான் அவருக்கு உலகப் பெயர் தந்தது. 3.36 மீட்டர் சதுரக் கட்டங்கள், அவற்றின்மேல் நூற்றுக்கணக்கான சின்னக் கான்கிரீட் குவிமாடங்கள், உள்ளே தெரு மாதிரி வளைந்து போகும் நடை. வீடு ஒரு சின்ன நகரமாகவும், நகரம் ஒரு பெரிய வீடாகவும் இருக்க வேண்டும் என்பார். உள்ளே தரையில் வட்டப் பள்ளங்கள், உட்காரும் திண்டுகள் எல்லாம் மணல்குழி விளிம்பின் பேரப்பிள்ளைகள்தான். ஆனால் இதையும் சொல்லிவிடுகிறேன்: குழந்தைப் பராமரிப்பு பற்றிய எண்ணங்கள் மாறின, அது அநாதை இல்லமாக நீண்ட காலம் நீடிக்கவில்லை. 1980களில் இடிக்கவே பார்த்தார்கள். ஹெர்மன் ஹெர்ட்ஸ்பெர்கர் முதலான கட்டிடக் கலைஞர்கள் உலகம் முழுக்கக் குரல் எழுப்பி மீட்டார்கள்.

பிறகு ஹேக்கில் ஒரு தேவாலயம், டெல்ஃப்ட்டில் பேராசிரியர் பதவி, 1990இல் ரிபா என்ற பிரிட்டிஷ் கட்டிடக் கலைஞர்கள் அமைப்பின் தங்கப் பதக்கம். 1970களில் மெட்ரோ தோண்டுவதற்காக ஆம்ஸ்டர்டாமின் நியூமார்க்ட் பகுதியை இடித்தபோது, தியோ போஷ் என்ற கட்டிடக் கலைஞரோடு சேர்ந்து பழைய தெரு அளவு கெடாமல் வீடுகளை இட்டு நிரப்பினார். யோசித்துப் பாருங்கள், அதுவும் பொந்தடைக்கும் வேலைதான்.

அதனால் சேருங்கள். முதல் மாதம் வடிகால் பிளானே கொடுத்தாலும், அந்த வடிகால் மூடியின்மேல் சாயங்காலம் யார் வந்து உட்காருகிறார்கள் என்று ஒரு தடவை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரையுங்கள். ஆம்ஸ்டர்டாம் போக வாய்த்தால் ரைக்ஸ்மியூசியம் தோட்டத்தில் அவருடைய ஏறு கம்பிகளைப் பார்க்கலாம். ரெம்பிராண்ட் ஓவியங்கள் உள்ளே, இவை வெளியே. பிள்ளைகள் இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.