பலூன் ஒரு வாசலுக்கு மட்டும்

மலையோரக் கேள்வி–பதில்
கேரளத்தின் பீர்மேடு தாலுக்காவின் தமிழ்வழிப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் பணியாற்றி, தலைமையாசிரியராக ஓய்வுபெற்றவர் பதில் சொல்கிறார்.

*கேள்வி: என் மகள் வரும் ஜூனில் ஒன்றாம் வகுப்புக்குப் போகிறாள். மூன்று வயதுவரை எஸ்டேட் பிள்ளைப்புரையில் (குழந்தைகள் காப்பகத்தில்) இருந்தாள், பிறகு அங்கன்வாடி. அங்கே பாட்டெல்லாம் மலையாளம். பள்ளியோ தமிழ்வழி. பிள்ளை தடுமாறிவிடுவாளா? சேர்க்கும்போது என்னென்ன கொண்டுபோக வேண்டும்?*
— கொழுந்து பறிக்கும் ஒரு தாய், ஏலப்பாறை

மொழியால் தடுமாறமாட்டாள் அம்மா. தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம் என்று நம் பிள்ளைகள் நடை பழகும்போதே இரண்டையும் பழகிவிடுகிறார்கள். எனக்குக் கவலை வேறு.

உங்கள் மகள் ஆறு வயதுக்குள் மூன்று துறைகளைப் பார்த்துவிடுகிறாள். பிள்ளைப்புரை 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தால் வந்தது. ஐம்பது பெண்கள் வேலை பார்க்கும் தோட்டமோ, பெண் தொழிலாளர்களின் பிள்ளைகள் இருபது பேர் இருக்கும் தோட்டமோ அதை நடத்தியே ஆக வேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது. அது தொழிலாளர் துறைக் கணக்கு. அங்கன்வாடி, 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தைச் சேர்ந்தது. அது பெண்கள், குழந்தைகள் துறைக் கணக்கு. ஜூன் மாதம் பொதுக்கல்வித் துறை அவளை வாங்கிக்கொள்ளும். கை மாறும்போதெல்லாம் பிறப்புச் சான்றிதழின் நகல் கூடவே போகிறது. பிள்ளையைப் பற்றி அந்தக் கைகளுக்குத் தெரிந்திருந்தது எதுவும் போவதில்லை.

நான் செய்த தவறு ஒன்றைச் சொல்கிறேன். 1998 ஜூனில் என் ஒன்றாம் வகுப்பில் ஒரு பையன் சேர்ந்தான். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டான். சுவரோரமாக உட்கார்ந்து சிலேட்டைத் துடைத்துக்கொண்டே இருப்பான். ஓணப் பரீட்சைக்குப் பிறகு அவன் பேருக்கு நேரே 'மந்தம்' என்று என் கையால் எழுதினேன். ஜனவரியில் எங்கள் பள்ளியில் போலியோ சொட்டுமருந்து முகாம் நடந்தது. அதற்கு வந்த அங்கன்வாடி டீச்சர் அவனைப் பார்த்ததும் வலது பக்கமாகப் போய் நின்று கூப்பிட்டார். சிரித்துக்கொண்டு ஓடி வந்தான். "அவனுக்கு இடது காது கேட்காது சார், உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார். அந்த அங்கன்வாடி எங்கள் பள்ளிக்குக் கீழே இருநூறு அடி தூரத்தில் இருந்தது. அங்கே சமைக்கும் கஞ்சியின் வாசனை என் வகுப்புக்கு வரும். ஏழு மாதமாக நான் அந்தச் சரிவில் இறங்கிப் போகவில்லை. போகச் சொல்லி எந்த உத்தரவும் இல்லை. போகக் கூடாது என்றும் இல்லை.

ஆகவே பிறப்புச் சான்றிதழ், ஆதார், தடுப்பூசி அட்டை இவற்றோடு அங்கன்வாடியின் வளர்ச்சி அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அந்த டீச்சரையும் ஒரு நாள் கூட்டிக்கொண்டு போய் ஒன்றாம் வகுப்பு டீச்சர் எதிரே உட்கார வையுங்கள். கால் மணி நேரம் போதும். இன்னொன்று: 1990களின் அதிகாரப் பரவலுக்குப் பிறகு கேரளத்தில் அங்கன்வாடியும் அரசுத் தொடக்கப் பள்ளியும் கிராம பஞ்சாயத்தின் பொறுப்பில்தான் இருக்கின்றன. துறை இரண்டானாலும் பஞ்சாயத்து ஆபீஸ் ஒன்று. உங்கள் வார்டு மெம்பர் ஓட்டுக் கேட்டு வரும்போது, மே மாதம் இரண்டு டீச்சர்களையும் ஒரு மேஜையில் உட்கார வைக்க முடியுமா என்று கேளுங்கள். செலவு இரண்டு தேநீர்.

*கேள்வி: மகன் இங்கே தமிழ்வழியில் பத்தாம் வகுப்பு எழுதியிருக்கிறான். பிளஸ் ஒன்னுக்குக் கம்பத்தில் என் அண்ணன் வீட்டில் விடலாமா? ஏதாவது இழப்பு உண்டா?*
— ஜீப் ஓட்டும் ஒரு தந்தை, வண்டிப்பெரியாறு

உண்டு. அண்ணனிடம் பேசுவதற்கு முன்னால் அதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் வந்தது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024இல் வந்தது. எல்லாவற்றுக்கும் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டுவரை அங்குள்ள பள்ளியில் படித்திருக்க வேண்டும். உங்கள் மகன் பதினொன்றில் போய்ச் சேர்ந்தால் தமிழில் படித்த தமிழ்ப் பிள்ளையாக இருந்தும் இவற்றில் ஒன்றும் கிடைக்காது. குமுளி செக்போஸ்ட்டை ஐந்து வருடம் பிந்திக் கடந்தான் என்பதுதான் அவன் குற்றம்.

அடுத்தது காகிதம். கேரள எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழில் மதிப்பெண் இருக்காது, ஏ பிளஸ் முதல் ஈ வரை கிரேடுதான். அங்கே மதிப்பெண்ணைப் பார்த்துப் பிரிவு ஒதுக்கிப் பழகியவர்கள் நம் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். கிரேடு விளக்கம் அச்சிட்ட பக்கத்தையும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே பிள்ளையின் விவரம் 'சம்பூர்ணா' மென்பொருளில் இருக்கிறது, அங்கே 'எமிஸ்' என்ற பதிவில் ஏற வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாது. மத்திய அரசு தரும் நிரந்தரக் கல்வி எண் மாநிலம் தாண்டியும் செல்லும். அதைக் கேட்டு டி.சி.யிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் உங்கள் ஜீப் நாலு தடவை மலை இறங்கி ஏறும்.

இங்கேயே படித்தால்? பிளஸ் ஒன் வகுப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கும். பத்து வருடம் தமிழில் பாடம் படித்தவன் ஒரே நாளில் மாற வேண்டும். அரசியலமைப்பின் 350ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி தர வசதி செய்யச் சொல்கிறது. 1956இல் மாநிலங்களைப் பிரித்தபோது சேர்த்த பிரிவு அது. ஆனால் 'ஆரம்பக் கட்டத்தில்' என்று அங்கேயே வேலி போட்டுவிட்டார்கள். கேரளத்தில் எல்.பி. என்கிற தொடக்கப் பள்ளி நான்காம் வகுப்புவரை. தமிழ்நாட்டில் தொடக்கப் பள்ளி ஐந்துவரை. ஆரம்பம் எங்கே முடிகிறது என்பதில்கூட மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒத்துப்போகவில்லை.

பிரவேசனோத்சவம் பார்த்திருப்பீர்கள். ஜூனில் பள்ளி திறக்கும் நாளில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பலூன், மிட்டாய், பாட்டு. நல்ல ஏற்பாடு, நானே பலூன் ஊதிக் கன்னம் வலித்திருக்கிறேன். நான்கு முடித்து யு.பி. என்கிற நடுநிலைக்கும், ஏழு முடித்து ஹைஸ்கூலுக்கும், பத்து முடித்துப் பிளஸ் ஒன்னுக்கும் போகிற பிள்ளைக்கு யாரும் அப்படி ஊதி நான் பார்த்ததில்லை. என் அனுபவத்தில் பிள்ளைகள் நின்றுபோனது இந்த வாசல்களில்தான். வகுப்பின் நடுவில் நின்றவர்கள் குறைவு.

மகனுக்கு என் யோசனை: மருத்துவக் கனவு இல்லை, அண்ணன் வீட்டில் அமைதி உண்டு என்றால் கம்பம் நல்லது. மொழி உதவும், பாடம் மனதில் நிற்கும். இல்லையென்றால் இங்கேயே இருக்கட்டும், ஏப்ரல், மே இரண்டு மாதமும் ஆங்கில அறிவியல் புத்தகத்தைத் தமிழோடு வைத்துப் படிக்கட்டும். முடிவு செய்யும்போது அவனையும் கேளுங்கள். கடிதத்தில் அவன் என்ன சொல்கிறான் என்று ஒரு வரிகூட இல்லை.

*கேள்வி: பாலர் வகுப்பிலிருந்து ஆராய்ச்சிப் படிப்புவரை ஒரே துறை, ஒரே அதிகாரி என்று வைத்துவிட்டால் இந்தத் தொல்லைகள் தீருமே? வெளிநாட்டில் அப்படி உண்டா?*
— ஒரு கல்லூரி மாணவர், கொழிஞ்சாம்பாறை

உண்டு தம்பி. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 'ரீஜன்ட்ஸ்' என்று 17 பேர் கொண்ட குழு இருக்கிறது. 1784இல் கல்லூரிக்காகத் தொடங்கியது. 1904இல் பள்ளித் துறையும் அதோடு சேர்ந்தது. இன்று பாலர் பள்ளி, பல்கலைக்கழகம், நூலகம், அருங்காட்சியகம், மருத்துவர்களுக்கு உரிமம் தருவது எல்லாம் அவர்கள் குடையின் கீழ்.

புளோரிடாவின் கதை இன்னும் ருசியானது. பாலர் வகுப்பு முதல் பட்ட மேற்படிப்புவரை ஒரே வாரியம் என்று முடிவு செய்து, பல்கலைக்கழகங்களைக் கவனித்துவந்த பழைய குழுவை 2001இல் கலைத்தார்கள். 2002இல் மக்கள் வாக்களித்துப் பல்கலைக்கழகங்களுக்குத் தனிக்குழு வேண்டும் என்று அரசியலமைப்பிலேயே எழுதிவிட்டார்கள். முழுக் கூட்டுக்குடும்பம் இரண்டு வருடம் தாங்கவில்லை. ஆனால் அதற்கு முன்பே, 1970களில், அங்கே சத்தமில்லாமல் ஒரு வேலை செய்திருந்தார்கள்: மாநிலம் முழுவதும் பாடங்களுக்குப் பொது எண். சமூகக் கல்லூரியில் ஒரு எண்ணில் கணக்குப் படித்தவனைப் பல்கலைக்கழகம் அதே எண்ணுள்ள பாடத்தை மறுபடி படி என்று சொல்ல முடியாது. வாரியம் உடைந்தது, எண் நிற்கிறது. எனக்கு அந்த எண்ணின் மேல்தான் மரியாதை.

நம் பக்கம் பார்ப்போம். கேரளத்தில் பிளஸ் டூ என்பது முன்பு கல்லூரியில் 'பிரீ டிகிரி'யாக இருந்தது. 1990களில் மேல்நிலையைப் பள்ளிக்குக் கொண்டுவரத் தொடங்கி, பத்தாண்டு எடுத்துக்கொண்டு கல்லூரியிலிருந்து பிரித்தார்கள். பிரித்த பிறகு ஒரே வளாகத்தில் ஹைஸ்கூல் ஒரு இயக்குநர், மேல்நிலை வேறு இயக்குநர். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் இரண்டு மணி, இரண்டு பூட்டு, கழிப்பறைச் சாவிக்கு நிரந்தரச் சண்டை. 2019இல் காதர் குழுவின் பரிந்துரைப்படி பொதுக்கல்வி, மேல்நிலை, தொழில்சார் மேல்நிலை மூன்றையும் ஒரே இயக்குநரின் கீழ் கொண்டுவந்தார்கள். வளாகத்துக்குப் பிரின்சிபல் தலைவர், ஹெட்மாஸ்டர் துணைத் தலைவர் என்று ஆனது. சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பது தெளிவானது. எட்டாம் வகுப்பில் தமிழில் தேறியவன் பதினொன்றில் ஏன் விழுகிறான் என்று இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பதற்கு அந்த உத்தரவு மட்டும் போதாது.

மத்தியில் 2018இல் சமக்ர சிக்ஷா திட்டம் பாலர் வகுப்பிலிருந்து பன்னிரண்டுவரை பணத்தை ஒரே பையில் போட்டது. கல்லூரி அந்தப் பையில் இல்லை. 2021இல் கல்லூரிப் பாட மதிப்பைச் சேமிக்கும் கிரெடிட் வங்கி வந்தது. அதில் ஒரு கணக்குத் திறந்துகொள்ளுங்கள்; பாலக்காட்டில் சேர்ந்து கோயம்புத்தூரில் முடிக்கும் எண்ணம் இருந்தால் இன்னும் அவசியம். ஒரே அதிகாரிக்காகக் காத்திருக்க வேண்டாம். அவர் வந்தாலும் திருவனந்தபுரத்தில்தான் இருப்பார்.

*கேள்வி: உங்கள் 31 வருடப் பணியில் ஒரு கல்லூரிப் பேராசிரியராவது தொடக்கப் பள்ளிக்கு வந்து பார்த்ததுண்டா?*
— பெயர் வேண்டாம் என்றவர், குமுளி

ஒருவர் வந்தார். தேர்தல் பணிக்கு. இரவு என் வகுப்பு மேஜைமேல் படுத்துத் தூங்கினார்.

*கேள்வி: எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். மதுரையில் தோட்டத் தொழிலாளர் தாலாட்டுகளைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஊருக்கு வரும்போது, "இதனால் யாருக்கு என்ன பிரயோஜனம்?" என்று என் பெரியப்பா கேட்கிறார். பதில் சொல்லத் தெரியவில்லை.*
— ஓர் ஆய்வு மாணவி, மூணாறு

பெரியப்பா கேட்டது நியாயமான கேள்வி மகளே. பதில் இந்தப் பக்கத்தின் முதல் கடிதத்தில் இருக்கிறது. ஏலப்பாறையில் ஒரு தாய், அங்கன்வாடியில் தமிழ்ப் பாட்டு இல்லை என்கிறார். நீங்களோ மூணாறு லயங்களில் பாட்டுச் சேர்த்து அட்டை போட்டு மதுரையில் அடுக்கப்போகிறீர்கள்.

நம் தமிழ்வழிப் பாடப்புத்தகங்களைக் கேரள எஸ்.சி.இ.ஆர்.டி. திருவனந்தபுரத்தில் இருந்துகொண்டு தயாரிக்கிறது. உழைத்துத்தான் செய்கிறார்கள். ஆனால் கொழுந்து, பெரட்டு (காலை ஆள்கணக்கு), கவ்வாத்து (தேயிலைச் செடியை வெட்டிவிடுவது) என்ற சொற்களோடு வளரும் பிள்ளையை அவர்கள் பார்த்ததில்லை. ஒருமுறை ஏர் படத்தைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டேன். "கவ்வாத்துக் கத்தி, ரொம்பப் பெரிசு" என்றாள் ஒரு பெண். நம் மலையில் ஏர் எங்கே இருக்கிறது? அந்தப் பதிலுக்கு நான் தவறு போடவில்லை. மேலதிகாரி பார்வைக்கு வந்த நாளில் அந்தப் பக்கத்தை மறைத்து வைத்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

உங்கள் தொகுப்பிலிருந்து பத்துப் பாட்டை எடுங்கள். சாவு, கடன், கங்காணியைத் திட்டுவது இவை இல்லாத பத்து கிடைக்குமா தெரியாது, எட்டு கிடைத்தாலும் போதும். சார்ட் தாளில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். மே மாதம் கடைசி வாரம் மதுரையிலிருந்து குமுளி பஸ்ஸில் ஏறுங்கள். நான் பஸ் நிலையத்தில் நிற்கிறேன். அங்கன்வாடி டீச்சர் மலையாளி, நன்றாகப் பாடுவார், தமிழ் எழுத்து வாசிக்க வராது. அதனால் அடியில் மலையாள எழுத்திலும் எழுதிக்கொண்டு வாருங்கள். உங்களுக்கு அது தெரியாது என்றால் நான் எழுதித் தருகிறேன். ஒன்றாம் வகுப்பு டீச்சரையும் வரச்சொல்லியிருக்கிறேன். பெரியப்பாவையும் கூட்டி வாருங்கள், ராகத்தில் நீங்கள் பிசகினால் அவர் திருத்துவார்.