ஆறு தோழிகள், மூன்று மலை ஊர்கள்: எந்த ஊருக்குப் போவது?

கேள்வி: கல்லூரியில் ஒன்றாகப் படித்த ஆறு தோழிகள் நாங்கள். 14 வருஷம் கழித்து, இந்தக் கோடையில் ஐந்து நாள் சேர்ந்தாற்போல் மலையில் இருக்கலாம் என்று பேசி முடித்திருக்கிறோம். இடம்தான் இன்னும் முடிவாகவில்லை. மூன்று ஊர்களைச் சொல்கிறார்கள். ஒன்று, ஏரியும் கடைத்தெருவுமாக எல்லாரும் போகிற ஊர். 1,900 மீட்டர் உயரம். சீசனில் கூட்டம் அலைமோதும். இரண்டாவது, பனிச் சிகரங்களுக்கு நடுவே 3,400 மீட்டரில் இருக்கும் ஊர். விமானத்திலேயே போய் இறங்கிவிடலாம். மூன்றாவது, காட்டுக்குள் தனியாக இருக்கும் ஒரு ரிசார்ட். பக்கத்து ஊருக்கே மலைப்பாதையில் 12 கிலோமீட்டர்.

எங்களில் இருவருக்கு ட்ரெக்கிங் என்றால் உயிர். ஒருத்திக்கு முழங்கால் வலி. ஒருத்தி, வண்டி வளைவில் திரும்பினாலே வாந்தி எடுப்பாள். இன்னொருத்திக்கு இப்போது கொஞ்சம் பண நெருக்கடி. வாய்விட்டுச் சொல்லமாட்டாள், ஆனால் எனக்குத் தெரியும். ஊரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். தப்பாக எதையாவது சொல்லி, எங்களுக்குள் கசப்பு வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்: அன்புத் தோழி, உங்கள் கடிதத்தில் ஊர்களைப் பற்றி நான்கு வரி, தோழிகளைப் பற்றி நான்கு வரி. அந்தக் கடைசி நான்கு வரியில்தான் விடை இருக்கிறது. முதல் ஊருக்கே போங்கள். கூட்டத்தைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது, அதற்கு வழி சொல்கிறேன். முதலில் மற்ற இரண்டும் ஏன் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.

அந்த 3,400 மீட்டர் ஊரை விட்டுக்கொடுக்க உங்கள் குழுவில் சிலருக்கு மனசு வராது. படத்தில் பார்த்தால் யாருக்குத்தான் வரும்? ஆனால் ஐந்து நாளுக்கு அது தோதான ஊரே இல்லை. பல வருஷங்களுக்கு முன் நானும் நான்கு தோழிகளுமாக அதே மாதிரி உயரத்தில் இருந்த ஓர் ஊருக்கு விமானத்தில் போய் இறங்கினோம். எங்களிலேயே திடகாத்திரமானவள், தினமும் காலையில் ஓடுகிறவள், அன்று சாயங்காலமே எங்களை ஒரு மேட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். ராத்திரி பதினோரு மணிக்குக் குளியலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். நெற்றியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "மண்டைக்குள்ள யாரோ ஆணி அடிக்கிறாங்க" என்றாள். தண்ணீர் குடித்தாலும் நிற்கவில்லை, வாந்தியாக வந்தது. நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். வெளிச்சம் வந்ததும் வண்டி பிடித்துக் கீழே இறங்கினோம். இறங்க இறங்க அவள் முகம் தெளிந்தது. தப்பு முழுக்க எங்களுடையது. உடம்புக்கு நாங்கள் ஒரு நாள்கூடக் கொடுக்கவில்லை.

பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல் போய்த் தங்கும்போதுதான் இந்தத் தொந்தரவு தலைகாட்டும். காற்று மெலிந்துவிடுவதால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கிற ஆக்சிஜன் குறைவு. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை எல்லாம் போய்ச் சேர்ந்து ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் ஆரம்பிக்கும். அதாவது முதல் நாள் ராத்திரியில். உடற்பயிற்சி செய்கிறவர்களுக்கு வராது என்பது தவறான நம்பிக்கை. மலையேறுகிறவர்கள் 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால், படுக்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டமாட்டார்கள். நீங்களோ ஒரே நாளில் 3,400 மீட்டரில் போய்ப் படுக்கப்போகிறீர்கள். லடாக்கின் லே நகரமும் சுமார் 3,500 மீட்டர்தான். அங்கே விமானத்தில் வந்து இறங்குகிறவர்களை முதல் இரண்டு நாள் அசையாமல் ஓய்வெடுக்கச் சொல்வது இதற்காகத்தான். ஐந்து நாளில் இரண்டு நாள் ஓய்வு, கடைசி நாள் கிளம்பும் அவசரம். மிச்சம் இரண்டு. பத்து நாள் கிடைக்கிற ஒரு வருஷம் அங்கே போங்கள். அப்போதும் முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டுப் போங்கள். யாராவது தள்ளாடினாலோ, பேச்சில் குழப்பம் தெரிந்தாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, விடியட்டும் என்று எங்களைப் போலக் காத்திருக்காமல் உடனே கீழே இறக்கிவிடுங்கள்.

குளிர்ச்சிக்காகத்தான் உயரம் தேடுகிறீர்கள் என்றால் அதற்கு 3,400 தேவையே இல்லை. ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். கீழே 38 டிகிரி கொளுத்தினாலும் உங்கள் 1,900 மீட்டர் ஊரில் 26 டிகிரி சுமாருக்கு இருக்கும். ராத்திரி ஸ்வெட்டர் கேட்கும். வேறென்ன வேண்டும்?

பனிமலையைப் பக்கத்தில் பார்த்தே ஆகவேண்டும் என்கிறவர்களுக்கும் வழி உண்டு: தாழ்வான ஊரில் படுக்கை, உயரத்துக்குப் பகலில் ஒரு நடை. பிரான்ஸில் ஷாமொனி வெறும் 1,035 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து ரோப் காரில் 20 நிமிஷத்தில் கிட்டத்தட்ட 3,800 மீட்டருக்குப் போய்ப் பனியைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் கீழே வந்து நிம்மதியாகத் தூங்கலாம். சுவிட்சர்லாந்தின் ஜெர்மாட்டும் அப்படித்தான். ஊர் 1,600 மீட்டரில், 1898-லிருந்து ஓடும் பல்சக்கர ரயில் ஏறுவது 3,000 மீட்டருக்கு மேல். நீங்கள் போகிற ஊரிலும் இப்படி ஏதாவது ஒரு வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவதாகச் சொன்ன காட்டு ரிசார்ட் அமைதியான இடமாகத்தான் இருக்கும். புதுசாகக் கல்யாணமானவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வேன். ஆறு பேருக்கு ஒத்துவராது. வாந்தி எடுக்கும் உங்கள் தோழியை நினைத்துப் பாருங்கள். ஊருக்குள் வர 12 கிலோமீட்டர் வளைவு, திரும்பிப் போக 12 கிலோமீட்டர். ஒரு மாத்திரை வாங்கவேண்டும் என்றாலும் அதே பாதை. இரண்டாம் நாளே அவள் "நீங்க போயிட்டு வாங்க, நான் ரூம்லயே இருக்கேன்" என்று சொல்லிவிடுவாள். அவளுக்குத் துணையாக இன்னொருத்தி தங்குவாள். போகிற நால்வருக்கும் மனசு கேட்காது. போதாததற்கு, எங்கே போவதானாலும் ரிசார்ட்டின் வண்டிதான், பசித்தால் ரிசார்ட்டின் சாப்பாடுதான். பண நெருக்கடியில் இருக்கும் தோழிக்கு அங்கே கையைக் கட்டிப்போட்ட மாதிரி இருக்கும்.

இப்போது முதல் ஊர். நண்பர்களாகச் சேர்ந்து போகிறவர்களுக்கு மலை ஊரில் நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: காலையில் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்து போய், சாயங்காலம் யாருடைய தயவும் இல்லாமல் நடந்தே வந்து சேர்ந்துகொள்ள முடியுமா? ஐந்து நாளும் ஆறு பேரும் ஒட்டிக்கொண்டே திரியவேண்டும் என்று திட்டம் போட்ட பயணங்கள்தான் மூன்றாம் நாள் சண்டையில் முடியும். ஏரிக்கரையில் ஒரு நடை, கடைத்தெரு, டீக்கடை, பெஞ்சு போட்ட ஒரு பூங்கா, ஊர் எல்லையிலிருந்தே கிளம்புகிற ஒரு மலைப்பாதை, எல்லாம் நடக்கிற தூரத்தில் இருந்தால், ட்ரெக்கிங் போகிறவர்கள் குற்ற உணர்ச்சியில்லாமல் போவார்கள். முழங்கால் வலிக்காரி மனத்தாங்கல் இல்லாமல் ஏரிக்கரையில் உட்கார்ந்திருப்பாள். வாந்திக்காரிக்கு மேலே ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை கஷ்டம், அவ்வளவுதான். அந்த இரண்டு தடவையும் முன் சீட்டை அவளுக்கே கொடுங்கள். போனைப் பார்க்காமல் தூரத்துச் சாலையைப் பார்த்துக்கொண்டு வரட்டும். டாக்டரிடம் கேட்டு, ஏற்றம் ஆரம்பிப்பதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே மாத்திரை போட்டுக்கொள்ளட்டும். குமட்டல் வந்தபிறகு போட்டால் பிரயோஜனம் குறைவு.

தங்கும் இடத்தைத் தேடும்போது "வியூ" என்று விளம்பரம் செய்கிற இடத்துக்கு மயங்காதீர்கள். மலை ஊரில் வியூ என்றால் பெரும்பாலும் மேடு என்று அர்த்தம். ஏரியிலிருந்து ஒரு கிலோமீட்டர்தான் என்பார்கள், அந்த ஒரு கிலோமீட்டரும் செங்குத்தாக இருக்கும். போனில் கூப்பிட்டு, "கடைத்தெருவிலிருந்து நடந்து வந்தால் எத்தனை படி, எவ்வளவு ஏற்றம்?" என்று நேராகவே கேளுங்கள்.

முழங்கால் வலிக்காரியைப் பற்றி இன்னொன்று. ஏறும்போது மூச்சு வாங்குவதால் ஏற்றம்தான் கஷ்டம் என்று நினைப்போம். முழங்காலைப் படுத்துவது இறக்கம். அவளும் ஒரு நாள் கூட வர ஆசைப்பட்டால், சாய்வு குறைந்த பாதையில் மெதுவாக ஏறட்டும். திரும்பும்போது ரோப் காரோ வண்டியோ பிடித்து இறங்கட்டும். பலரும் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, ராத்திரி ஐஸ் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

ட்ரெக்கிங் போகும் இருவரும் "மத்தியானத்துக்குள்ள வந்துடுவோம்" என்று வாக்குக் கொடுப்பார்கள். அதை நம்புவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-ல் சொன்ன கணக்கு, இன்றைக்கும் மலைக்காரர்கள் அதைத்தான் போடுகிறார்கள். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி. எட்டு கிலோமீட்டர் பாதையில் 600 மீட்டர் ஏற்றம் என்றால் இரண்டரை மணி நேரத்துக்கும் மேலே. இதுவும் பழகின கால்களுக்கு, நிற்காமல் நடந்தால். உங்கள் தோழிகளுக்கு ஒன்றரை மடங்காக வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் மலையில் காலை வானம் கண்ணாடி மாதிரி இருக்கும். வெயில் ஏற ஏறச் சரிவுகள் சூடாகி, காற்று மேலே எழும்பி, மத்தியானத்துக்குள் மேகம் திரண்டுவிடும். இரண்டு மணிக்கு மேல் இடி மின்னல். அதனால் விடியற்காலையில் கிளம்பி, உச்சியைப் பார்த்துவிட்டு, பன்னிரண்டு மணிக்குள் முகட்டை விட்டு இறங்கிவிடுவது என்று பேசிக்கொள்ளுங்கள். குளிர்கிறதே என்று வெயிலை லேசாக எண்ணவும் வேண்டாம். ஆயிரம் மீட்டருக்குப் பத்து சதவீதம் போலப் புற ஊதாக் கதிர் கூடும்.

கூட்டத்துக்கு வழி சொல்கிறேன் என்றேன். திங்கட்கிழமை ஏறி, வெள்ளி மத்தியானத்துக்குள் இறங்கிவிடுங்கள். லீவு போடமுடியாது என்று யாராவது சொன்னால், கெஞ்சியாவது போடச் சொல்லுங்கள். அதே ஊர் சனிக்கிழமை வேறு ஊராகிவிடும். வண்டியை லாட்ஜில் விட்டுவிட்டு எல்லா இடத்துக்கும் காலாலேயே போங்கள். கூட்டம் தாங்காமல் கனடாவின் மொரெய்ன் ஏரிக்கு 2023-லிருந்து சொந்த வண்டிகளையே விடுவதில்லை, ஷட்டில் பஸ்ஸில்தான் போகவேண்டும். ஜெர்மாட்டுக்குக் காரில் வருகிறவர்கள் ஐந்து கிலோமீட்டருக்கு முன்பே அதை நிறுத்திவிட்டு ரயில் ஏறவேண்டும். பல மலை ஊர்கள் இந்தப் பாதைக்கு வந்துகொண்டிருக்கின்றன. உங்கள் ஊரில் அனுமதிச் சீட்டு, வண்டிக் கட்டுப்பாடு எதுவும் இருக்கிறதா என்று ரூமுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். தண்ணீரைப் பற்றியும் விசாரியுங்கள். 2018 கோடையில் சிம்லாவில் தண்ணீர்த் தட்டுப்பாடு முற்றி, சுற்றுலாப் பயணிகள் இப்போது வரவேண்டாம் என்று ஊர்க்காரர்களே கேட்டுக்கொள்ளும் நிலை வந்தது. மலை ஊரில் நாம் திறந்துவிடுகிற குழாய், அங்கே குடம் தூக்குகிறவர்களின் தண்ணீர்.

பணக் கஷ்டத்தில் இருக்கும் தோழியைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்தேன். குரூப்பில் "எவ்வளவு செலவு பண்ணலாம்?" என்று கேட்காதீர்கள். முதலில் ஒருத்தி ஒரு தொகை சொல்வாள், அடுத்தவள் சரி என்பாள், அவளும் சரி என்று போட்டுவிட்டு ராத்திரி தூங்கமாட்டாள். ஐந்து பேரையும் தனித்தனியாக உங்களுக்கு மட்டும் ஒரு தொகை அனுப்பச் சொல்லுங்கள். வந்ததில் எது குறைவோ அதுவே எல்லாருக்கும் வரம்பு. சராசரி எடுக்காதீர்கள். யாருடைய தொகை அது என்று யாருக்கும் சொல்லவும் வேண்டாம். பொதுச் செலவு என்பது ரூம், வந்துபோகும் வண்டி, ராத்திரிச் சாப்பாடு, இவ்வளவோடு நிற்கட்டும். ட்ரெக்கிங் வழிகாட்டி, ரோப் கார், ஷாப்பிங் எல்லாம் அவரவர் கைக்காசு. அவளுக்காக நாங்களே சேர்ந்து போட்டுவிடலாம் என்று உங்களில் யாருக்காவது தோன்றலாம். நல்ல மனசுதான். ஆனால் அப்படிப் போகிற ஐந்து நாளும் அவள் டீ குடிக்கும்போதுகூட ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சங்கடத்தை அவளுக்குக் கொடுக்கவேண்டாம்.

உங்கள் பயத்துக்கும் ஒரு வார்த்தை. முடிவை "நான் யோசிச்சதுல இது" என்று மட்டும் போடாமல், காரணத்தோடு போடுங்கள்: இருவருக்கு மலைப்பாதை, ஒருத்திக்கு ஏரிக்கரை, ஒரே ஒரு தடவை ஏற்றம், எல்லாருக்கும் கட்டுப்படியாகும் ரூம் என்று. தன்னை நினைத்தும் ஒரு வரி இருப்பதைப் பார்த்துவிட்டால் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள்.

ரூமுக்குப் பேசும்போது கடைசியாக ஒரு கேள்வி. பெரும்பாலான லாட்ஜ்களில் இரண்டு இரண்டு பேராகத்தான் ரூம் கொடுப்பார்கள். பத்து மணிக்கு மேல் எல்லாரும் எங்கே உட்காருவீர்கள்? ஆறு நாற்காலி போடுகிற மாதிரி வராந்தா இருக்கிறதா என்று கேளுங்கள். குளிர் அடிக்காமல் கண்ணாடி போட்டு மூடியிருந்தால் அந்த இடத்தையே பிடித்துவிடுங்கள். 14 வருஷத்துப் பேச்சு பாக்கி இருக்கிறது உங்களுக்கு.