கூழும் கோளும்: வாசகர் கேள்வி பதில்

இந்தமுறை வந்த கடிதங்களில் பாதி சமையல், பாதி சண்டை. வந்த ஒழுங்கிலேயே பதில் எழுதுகிறேன்.

அக்கா, நீங்கள் எழுதியதைப் பார்த்து ஒடியல் கூழ் காய்ச்சினேன். பிள்ளைகள் ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டார்கள். ஒரே கசப்பு. எங்கே பிழைத்தது? (வாசகி, ஸ்காபரோ, கனடா)

மாவை ஊறவிட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நான் எழுதும்போது அந்த வரியை விட்டிருக்கவும் கூடும். எங்கள் வீட்டில் அது அரிசி களைவது மாதிரி, சொல்லவேண்டிய வேலை என்றே தோன்றாது. அப்படியென்றால் பிழை என்னுடையது, பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

பச்சைப் பனங்கிழங்கைக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல், அதைச் சும்மாவே கடித்துத் தின்னலாம். கூழுக்கு வேண்டியது பச்சை ஒடியல் மா, அதில்தான் அந்தக் காறல். கால் கிலோ மாவைப் பெரிய சட்டியில் போட்டு, நிறையத் தண்ணீர் விட்டு, கையால் கரைத்து வையுங்கள். அரை மணித்தியாலத்தில் மா அடியில் படிந்துவிடும், மேலே கலங்கல் தண்ணீர் நிற்கும். அதைச் சரித்து ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் விடுங்கள். இப்படி மூன்று தரம். கடைசித் தண்ணீரை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பேன். கசந்தால் நான்காம் தரம். இதில் அவசரப்பட்டால் பிறகு எவ்வளவு நண்டு போட்டும் பயனில்லை.

அடுத்தது ஒழுங்கு. கொதிநீரில் முதலில் ஒரு கைப்பிடி சிவப்பரிசியும் பலாக்கொட்டையும். அவை பாதி வெந்ததும் பயற்றங்காய். மரவள்ளியைத் தனியே அவித்து, தண்ணீரை ஊற்றிவிட்டுச் சேர்ப்பேன். பிறகு மீன் தலை, நண்டு, இறால். எல்லாம் வெந்தபிறகுதான் செத்தல் மிளகாயும் மஞ்சளும் அரைத்த கூட்டு, பழப்புளி, உப்பு. ஒடியல் மாக் கரைசல் கடைசியில். முன்னுக்கே விட்டால் கூழ் தடித்துவிடும், பலாக்கொட்டை கல்லாக நிற்கும், அடியும் பிடிக்கும். இறக்கும்போது முருங்கையிலை. ஸ்காபரோவில் வடலி (இளம் பனை) ஓலைக்கு எங்கே போவது, ஆகவே ஓலையில் கோலிய பிளா இல்லாமல் கோப்பையில் குடிப்பதை மன்னிக்கிறேன்.

நண்டு விலை பற்றியும் கேட்டிருந்தீர்கள். இங்கும் யானை விலைதான். பாக்கு நீரிணையில் பிடிபடும் நல்ல நீல நண்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறிவிடுகிறது, எங்களுக்குக் கால் உடைந்தது மிச்சம். மற்றப் பக்கம் இழுவைமடி, கடலடியைச் சுரண்டிக்கொண்டு போகிற வலை. இலங்கையில் 2017இல் சட்டம் போட்டு அடிமட்ட இழுவைமடியைத் தடை செய்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து எல்லை தாண்டி வரும் படகுகள் சட்டப் புத்தகம் வாசித்துவிட்டா வருகின்றன? வருகிறவர்களும் தமிழர்கள், வலையை இழப்பவர்களும் தமிழர்கள் என்பதால் எங்கள் மேடைகளில் இதைப் பேசும்போது குரல் தணிந்துவிடுகிறது. கூழ்ச்சட்டிக்கு முன்னால் இருந்து யோசித்தால் எனக்கு அப்படித் தணியவில்லை.

விண்வெளிக் கதை வாசிக்கிறவருக்கு அரசியல் எதற்கு? பொழுதுபோக்கைப் பொழுதுபோக்காக விடக்கூடாதா? (வாசகர், கொக்குவில்)

விடலாம், ஐயா. ஆனால் நான் அந்தக் கதைகளை வாசிக்கத் தொடங்கிய இடம் அப்படி.

1990இல் எனக்குப் பதினாறு வயது. போர், வடக்குக்குப் பொருளாதாரத் தடை. மின்சாரம் இல்லை, பற்றரி வராது, மண்ணெண்ணெய் கிடைத்தால் பவுண் விலை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அது நனைகிற அளவுக்கு மண்ணெண்ணெய், மூடியில் ஒரு சின்னத் திரி. அந்த வெளிச்சத்தில் பக்கத்துக்கு நாலைந்து வரிதான் தெளிவாகத் தெரியும், விளக்கை நகர்த்தி நகர்த்தி வாசிக்கவேண்டும். மொஸ்கோவில் அச்சான மலிவுத் தமிழ்ப் புத்தகங்களும், இந்தியச் சஞ்சிகைகளிலிருந்து கிழித்துக் கட்டிய தொடர்கதைகளும் கைமாறிக் கைமாறி வரும். எனக்கு வந்த கட்டுகளில் எப்போதும் கடைசி அத்தியாயம் இருக்காது.

இரவுச் செய்திக்கு அண்ணா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றுவார். ஆறு வோல்ற் டைனமோ, பழைய றேடியோவிலிருந்து கழற்றிய டயோட் நாலு. சுற்றுகிற வேகம் குறைந்தால் லண்டன் அறிவிப்பாளரின் குரல் கிணற்றுக்குள் இறங்கிவிடும். அண்ணாவுக்குக் கை வலிக்க, நான். எனக்கு வலிக்க, பக்கத்து வீட்டு மாமா. ஊர்ச்சனம் திண்ணையில் குந்தியிருந்து கேட்கும். சுற்றாதவர்களும் கேட்கலாமா என்று ஒருநாள் பெரிய விவாதம் நடந்தது. அம்மம்மா சொன்னா, "சுத்தாதவை நாளைக்கு விறகு கொத்தித் தரட்டும்." அத்தோடு விவாதம் முடிந்தது.

பிறகு வெகுகாலம் கழித்து, அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா கே. லெ குவின் 1974இல் எழுதிய நாவலை வாசித்தேன். ஒரு வறண்ட நிலவில் சொத்துரிமை இல்லாமல் வாழப் பார்க்கிற சனங்கள். பொதுச் சாப்பாட்டுக்கூடங்கள். வருடக்கணக்கில் மழை பொய்க்கிறது, இருப்பதை எப்படிப் பங்கிடுவது என்ற கேள்வி எல்லாருடைய தலையிலும் ஏறி இருக்கிறது. மற்ற வாசகர்களுக்கு அது கற்பனைக் கிரகம். எனக்கு எங்கள் சங்கக்கடை வரிசை. கையில் பங்கீட்டு அட்டையோடு நின்றவள் ஒருத்திக்கு, இதில் அரசியல் எங்கே தொடங்குகிறது, கதை எங்கே முடிகிறது என்று பிரிக்கச் சொன்னால் எப்படி?

கோதுமை மாவை ஏன் அவித்துவிட்டுப் புட்டு செய்கிறோம்? என் சென்னை மருமகள் சிரிக்கிறாள். (வாசகி, மானிப்பாய்)

சிரிக்கட்டும், அவிக்காத மாவில் ஒருதரம் குழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பச்சைக் கோதுமை மாவில் தண்ணீர் பட்டுக் கை பட்டால் அதிலுள்ள புரதம் ஒன்றோடொன்று பின்னி இழுபடும். ரொட்டிக்கு, பரோட்டாவுக்கு அந்த இழுவை வேண்டும். புட்டுக்கு அது சத்துரு. துணியில் கட்டி நீராவியில் அவித்தால் அந்தப் புரதம் சூட்டில் இறுகி, பின்னுகிற குணத்தை இழந்துவிடும். சூடு ஆறமுன் கட்டியை உடைத்து அரிதட்டில் அரித்துவிடவேண்டும், ஆறவிட்டால் உலக்கைதான் கதி. எனக்குத் தெரிந்த எந்தப் பாட்டிக்கும் இந்தப் புரதத்தின் பெயர் தெரியாது. ஆனால் மா அவிந்துவிட்டதா என்று துணிக்கு வெளியே மணத்தை வைத்தே சொல்வார்கள்.

பிடித்த கோள்? (வாசகர், சங்கானை)

பூமி. கத்தரிக்காய் வேறெங்கும் காய்க்காது. அதிலும் யாழ்ப்பாணத்து மட்டுவில் ஊர்க் கத்தரிக்காய்.

கிரகணத்தின்போது சமைக்கலாமா, சாப்பிடலாமா? (வாசகி, அளவெட்டி)

சமைக்கலாம், சாப்பிடலாம். வெறும் கண்ணால் சூரியனைப் பார்க்கத்தான் கூடாது.

2010 ஜனவரி 15ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் வளையக் கிரகணம். முதல்நாள் தைப்பொங்கல், அன்றைக்குப் பட்டிப்பொங்கல், கிரகணமோ சரியாக மத்தியானச் சமையல் நேரத்தில். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு மிஞ்சிய பொங்கலுக்குள் தர்ப்பை போட்டா. மாமா முற்றத்தில் உலக்கையை நட்டு, "பார், கிரகணத்தில் தானாக நிற்குது" என்றார். நின்றதுதான். மறுநாள் கிரகணம் இல்லாமலே நான் நிறுத்திக் காட்டினேன், அடி தட்டையான உலக்கை எந்த நாளும் நிற்கும். மாமா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

நான் செய்தது இதுதான். இடியப்ப உரலின் தட்டைக் கழற்றி, தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றேன். ஓட்டை ஒவ்வொன்றும் சீமெந்துத் தரையில் ஒரு சூரியனை விழுத்தியது. முதலில் கடித்த வடை மாதிரி, பிறகு பிறை மாதிரி, வளையம் பூரணமான அந்தச் சில நிமிடங்கள் தரை முழுக்க மோதிரங்கள். அம்மாவும் வந்து பார்த்தா. "இடியப்பத் தட்டை இனிக் கழுவிப்போட்டுத்தான் எடுக்கவேணும்" என்றா, ஆனால் நின்றா.

பத்து வருடம் முடியமுன்னே, 2019 டிசம்பர் 26இல், இதே ஊருக்கு இன்னொரு வளையம் வந்தது. ஒரே இடத்துக்கு இப்படி அடுத்தடுத்து வருவது அபூர்வம். ஆனால் அது சுனாமியின் பதினைந்தாம் ஆண்டு நினைவுநாள். காலை 9.25க்கு அஞ்சலி, அந்த நேரம் சூரியன் ஏறத்தாழ முழுதாக மறைபட்டிருந்தது. அன்றைக்கு நான் தட்டை எடுக்கவில்லை.

விஞ்ஞானக் கதை எழுதிய ஆர்தர் சி. கிளார்க் எங்கள் நாட்டில்தானே இருந்தார். அவரை நீங்கள் ஏன் கொண்டாடுவதில்லை? (வாசகர், பருத்தித்துறை)

கொண்டாடுகிறேன், ஆனால் கொஞ்சம் முறைப்போடு.

மனிதர் 1956 முதல் இலங்கையில் வாழ்ந்தார். அதற்கு முன்பே, 1945இல், பூமியோடு சேர்ந்து சுற்றும் செய்மதிகள் மூலம் உலகம் முழுக்கத் தொடர்பு கொள்ளலாம் என்று கட்டுரை எழுதியவர். இன்றைக்கு உங்கள் வீட்டுக் கூரையிலுள்ள டிஷ் அன்ரெனா அசையாமல் ஒரே திசையைப் பார்த்து நிற்கிறதே, அது பார்ப்பது மத்திய கோட்டுக்கு மேலே சுமார் 35,786 கிலோமீற்றர் உயரத்தில் உள்ள அந்தப் பாதையைத்தான். 1979இல் வந்த அவருடைய நாவலில் அங்கிருந்து பூமிக்கு ஒரு மின்தூக்கி கட்டுவார்கள். அதற்கு அடி மத்திய கோட்டில் இருக்கவேண்டும், இலங்கையோ அதற்கு வடக்கே. என்ன செய்தார்? கதைக்காகத் தீவையே 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்திவிட்டார்! கணக்குப் போட்டுப் பார்த்தேன், அப்படி நகர்த்தினால் யாழ்ப்பாணம் ஏறத்தாழ இரண்டரைப் பாகை வட அகலாங்குக்குப் போய்விடும். பனை பிழைக்குமா, கறுத்தக்கொழும்பான் மாமரம் காய்க்குமா என்று எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டாரா? தீவை எங்கே வைப்பது என்று எங்களைக் கேட்காமல் முடிவெடுத்த முதல் ஆள் அவரில்லை என்பதால் மன்னித்துவிட்டேன்.

ஒன்று மட்டும் நெஞ்சில் நிற்கிறது. தமிழில் இந்த வகைக் கதைக்கு என்னைப் போன்றவர்களைப் பிடித்துக்கொடுத்த சுஜாதா 2008 பெப்ரவரி 27இல் காலமானார். கிளார்க் மார்ச் 19இல். சரியாக மூன்று வாரம். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' ஒரு சர்வாதிகாரியின் ஆட்சியில், 2022 வாக்கில் நடக்கிற கதை. நிஜமான 2022இல் நான் கியூ.ஆர். அட்டையோடு பெற்றோலுக்கும், வெறும் சிலிண்டரோடு காஸுக்கும் நின்றேன். ஜூலையில் நிஜ ஜனாதிபதி விமானம் ஏறிப் போய்விட்டார். கதையில் என்ன ஆகிறது என்பதை வாசிக்காதவர்களுக்காகச் சொல்லாமல் விடுகிறேன். அந்த ஜீனோ என்ற இயந்திர நாய்க்காகவாவது வாசியுங்கள்.

மாகாணசபை பற்றி ஒரு கருத்து? (வாசகர், சாவகச்சேரி)

2013 செப்ரெம்பரில் வரிசையில் நின்று வாக்களித்தோம். 2018 ஒக்டோபரில் அதன் காலம் முடிந்தது, பிறகு வருடக்கணக்காகத் தேர்தலே நடக்கவில்லை. காலப்பயணக் கதைகளில் முன்னுக்குப் போவார்கள், பின்னுக்குப் போவார்கள். நின்ற இடத்திலேயே நிற்கிற காலப்பயணத்தை நாங்கள்தான் கண்டுபிடித்தோம்.

மரவள்ளியும் இஞ்சியும் சேர்ந்தால் நஞ்சா? (வாசகி, கோண்டாவில்)

அம்மாவின் பயத்தில் நானும் சேர்ப்பதில்லை, அவ்வளவுதான். இஞ்சியை விட மூடியைக் கவனியுங்கள். மரவள்ளியிலிருந்து வெளியேறும் ஐதரசன் சயனைட்டு 26 பாகையிலேயே கொதிக்கும். தோலை நன்றாக உரித்து, நிறையத் தண்ணீரில் மூடாமல் அவித்தால் ஆவியாகிப் போய்விடும். தண்ணீரையும் ஊற்றிவிடுங்கள். கசக்கிற கிழங்கைத் தின்னவே வேண்டாம்.

எதிர்காலத்தில் ரோபோ சமைக்கும் என்கிறார்களே, உங்களுக்குச் சந்தோசமா? (வாசகி, திருநெல்வேலி)

தங்கச்சி, நான் வாசித்த விண்கலக் கதைகள் பலவற்றில் சாப்பாடு சுவரிலுள்ள ஒரு துவாரத்தால் வரும். கோப்பை எங்கே போகிறது, யார் கழுவுகிறார்கள் என்று எழுதியவர்கள் குறைவு. எழுதியவர்களில் பலர் ஆண்கள், அவர்கள் வீட்டுக் கோப்பையும் தானாகத்தான் கழுவுப்பட்டிருக்கும். சமைக்கிறதை நான் எந்த ரோபோவுக்கும் கொடுக்கமாட்டேன், அது எனக்குப் பிடித்த வேலை. அடிப்பிடித்த கூழ்ப்பானையைச் சிரட்டையும் சாம்பலும் போட்டு உரஞ்சுகிற ரோபோ வந்தால் முதல் ஆளாக வாங்குவேன். இப்போதைக்கு எங்கள் வீட்டில் அது இவருடைய வேலை. இருபது வருடமாகப் பழக்கியிருக்கிறேன், இன்னும் பானையின் வெளிப்பக்கத்தை மறந்துவிடுகிறார்.

உங்கள் கூழை நாங்கள் எப்போது குடிப்பது? (வாசகர், இணுவில்)

ஞாயிற்றுக்கிழமை, மூன்று மணி. நண்டு நீங்கள் கொண்டுவாருங்கள்.