ஹார்ட்விக் ஹால்: சுவரா, கண்ணாடியா? (கேள்வி பதில்)

கே: 'ஹார்ட்விக் ஹாலில் சுவரைவிடக் கண்ணாடி அதிகம்' என்று சொலவடையே உண்டு. அப்படியானால் மூன்று தளப் பாரத்தை எது தாங்குகிறது சார்?

ப: நடுவே ஓடும் தடித்த உள்சுவர்கள். இங்கிலாந்தின் டார்பிஷயரில் ஷ்ரூஸ்பரி சீமாட்டி எலிசபெத் 1590களில் கட்டிய வீடு இது. வடிவமைத்தவர் ராபர்ட் ஸ்மித்சன் என்பதே பொதுவான கருத்து. கணப்புகளையும் புகைபோக்கிகளையும் பெரும்பாலும் உள்சுவருக்குள் தள்ளியதால் வெளிச்சுவர் ஜன்னலுக்குக் கிடைத்தது. ஆறு கோபுரங்கள் முட்டுக் கொடுக்கின்றன. கோபுர உச்சியில் தெரியும் 'ஈ.எஸ்.' அந்த அம்மாளின் பெயரெழுத்துதான்.

கே: சில ஜன்னல்கள் போலியாமே, ஜன்னல் வரிக்குப் பயந்தா?

ப: வீட்டிலுள்ள ஜன்னல்களின் எண்ணிக்கைக்கேற்ப வாங்கிய அந்த வரி வந்ததே 1696இல். போலி ஜன்னல் வைத்தது முகப்பின் சமச்சீருக்காக. சிலவற்றின் பின்னால் புகைபோக்கி இருக்கிறது. சிலவற்றில் உள்தளம் குறுக்கே போகிறது. வெளியே நின்று மாடி எண்ணினால் ஏமாந்துபோவீர்கள்.

கே: மேலே போகப் போக ஜன்னல் ஏன் உயரமாகிறது?

ப: அந்தஸ்துதான். தரைத்தளம் வேலையாட்களுக்கு, முதல் மாடி குடும்பத்துக்கு, இரண்டாம் மாடி அரச மரியாதைக்குரிய விருந்தினருக்கு.

கே: சிறு கண்ணாடித் துண்டுகளை ஈயப்பட்டையால் இணைத்த இதுபோன்ற பழைய ஜன்னல்களில் முதலில் எது கெடும்?

ப: ஈயம் வெயிலில் விரிந்து குளிரில் சுருங்கித் தளரும், காற்று அழுத்தக் கண்ணாடிப் பலகை தொப்பை போடும். பின்னால் உள்ள இரும்புக் கம்பியோடு செம்புக் கம்பியால் கட்டியிருப்பார்கள். அந்தக் கட்டு விட்டுப்போயிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதைவிட மோசம், அந்த இரும்பின் முனை கல்லுக்குள் துருப்பிடிப்பது. துரு உப்பிக் கல் சட்டத்தையே பிளந்துவிடும். விரிசலை மட்டும் பூசினால் மறுபடி பிளக்கும். முனையை வெட்டி, துருப்பிடிக்காத எஃகு அல்லது வெண்கலத்தில் ஒட்டுப்போட வேண்டும்.

கே: மணற்கல் இணைப்புக்கு சிமென்ட் பூசலாமா?

ப: கூடவே கூடாது. ஈரம் இணைப்பு வழியே வெளியேற முடியாமல் கல் வழியே வரும். உப்பு படிந்து கல்லின் முகம் செதில் செதிலாக உரியும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு மணல் போதும். ஈரச்சாக்கு போர்த்தி மெதுவாக உலரவிடுங்கள். 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர் இறங்கினால் வேலையை நிறுத்துங்கள்.

கே: இவ்வளவு ஜன்னல் வைத்துவிட்டு, 160 அடிக்கு மேல் நீளும் நெடுங்கூடத்தில் ஜன்னல் திரையை இறக்கிவைப்பானேன்?

ப: உள்ளே சுவரில் தொங்கும், விவிலிய வீரர் கிதியோனின் கதையை நெய்த 13 சித்திரத் திரைகளுக்காக. 1592இல் ஹாட்டன் குடும்பத்திடம் வாங்கியவை. அவற்றிலிருந்த அவர்கள் குடும்பச் சின்னத்தை மறைக்க வேண்டியிருந்ததால் விலையில் 5 பவுண்டு குறைத்தார் சீமாட்டி! இத்தகைய பழந்துணிக்கு 50 லக்ஸ் (வெளிச்ச அளவின் அலகு) வெளிச்சமே உச்சவரம்பு.