கடைசியாக வருகிறவர்

வணக்கம் ஐயா,

டிக்கோயாப் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். மூன்று மாதமாக நாங்கள் ஆறு பேர் காலையில் காசல்ரீ நீர்த்தேக்கக் கரையோரம் நடக்கிறோம். அதில் ஒரு அக்கா, தேயிலைக் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர், பின்தங்கிவிடுகிறார். வளைவுக்கு வளைவு காத்திருப்பதில் எங்கள் வேகம் கெடுகிறது. குளிரில் எழும்பவும் மனம் வருவதில்லை. ஊக்கம் குறையாமலிருக்க வழி சொல்லுங்கள். வெறும் வயிற்றில் தேன் கலந்த வெந்நீர் நல்லதா? நாளுக்குப் பத்தாயிரம் காலடி நடப்பது கட்டாயமா?

அன்புள்ள தங்கச்சி,

தேனும் வெந்நீரும் உங்கள் விருப்பம். பத்தாயிரம் என்பது 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த, நடையை எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவிய கணக்கு. அதை விடுங்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் மிதம். எழும்ப மனமில்லாத அன்று வாசலில் வந்து கூப்பிட ஓர் ஆள் இருந்தால் போதும். மூடுபனியில் கறுப்புச் சட்டையோடு ரோட்டில் நடக்காதீர்கள்.

ஆனால் "எங்கள் வேகம் கெடுகிறது" என்று எழுதிவிட்டீர்களே! கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மழையிலும் அட்டைக்கடியிலும் மலையேறித் தேய்ந்த கால் அது. அதைப் பார்த்துச் சொல்கிற வார்த்தையா?

காத்திருக்கிறோம் என்கிறீர்கள். அவர் வந்து சேர்ந்ததும் என்ன செய்கிறீர்கள்? "வந்துட்டாங்க, போவோம்" என்று கிளம்புகிறீர்கள். ஐந்து பேரும் இளைப்பாறியாயிற்று. அதிகம் களைத்தவருக்கு மட்டும் ஒரு நிமிடமும் இல்லை. அடுத்த வளைவில் அவர் இன்னும் பின்தங்குவார், உங்களுக்கு இன்னும் சலிக்கும். குற்றம் அவர் காலிலா இருக்கிறது?

இது எனக்குத் தெரியும், நானும் செய்திருக்கிறேன். ஒரு யாத்திரை சீசனில் அம்மாவைச் சிவனொளிபாத மலைக்குக் கூட்டிப்போனோம். அவளுக்கு அதுதான் முதல் தடவை. அடிவாரத்து நல்லதண்ணியிலிருந்து 5,000க்கும் மேற்பட்ட படிகள். நாங்கள் முன்னால் ஓடி ஓடி உட்கார்ந்தோம், அவள் வர வர எழும்பினோம். பாதிக்கு மேலே ஒரு தேத்தண்ணிக் கடையில் அம்மா படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நீங்க ஒக்காந்து மூச்சு வாங்குறீங்க. நா வந்து நின்னதும் எந்திரிச்சுப் போயிர்றீங்க. நா எங்கய்யா ஒக்கார்றது?" அவளை அந்தக் கடை வாங்கில் இருத்திவிட்டு நாங்கள் உச்சிக்குப் போய்விட்டோம். சூரியோதயம் பார்க்க வேண்டுமாம் எங்களுக்கு.

எத்தனை முறை ஏறினோமோ அத்தனை தடவை மேலே மணியடிப்பது வழக்கம். இறங்கி வந்தபோது அம்மா கம்பளியைப் போர்த்தியபடி அதே வாங்கில் இருந்தாள். "எல்லாரும் மணி அடிச்சீங்களா?" என்றுதான் கேட்டாள். பிறகு அவள் மலையேறவே இல்லை.

நாளைக்கு அந்த அக்காவை முன்னால் நடக்க விடுங்கள். எங்கே நிற்பது, எப்போது கிளம்புவது என்பதை அவர் சொல்லட்டும். வலி ஏற்றத்திலா, இறக்கத்திலா என்றும் கேளுங்கள். முழங்காலுக்கு இறக்கம்தான் பெரிய பாரம், இறங்கும்போது ஒரு தடி கொடுங்கள். நெஞ்சு அடைக்கிறது என்றால் நடையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.