எழுவாய் எங்கே இருக்கிறது?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் எழுவாய்க்கும் வினைக்கும் உள்ள பொருத்தத்தைப் பற்றியவை. சில, ப்ரோநவுன் ('ஹி', 'ஷி', 'தே' போன்ற சொற்கள்) பொருத்தம் பற்றியவை. மற்ற கேள்விகள் அடுத்த இதழுக்குக் காத்திருக்கட்டும்.

டீச்சர், அலுவலகக் கடிதம் ஒன்றில் 'ஒன் ஆஃப் அவர் மெம்பர்ஸ் ஹேவ் ரிசைன்ட்' என்று எழுதினேன். மேலதிகாரி 'ஹேவ்' என்பதை அடித்துவிட்டு 'ஹேஸ்' என்று எழுதினார். 'மெம்பர்ஸ்' பன்மைதானே?
– தனியார் நிறுவன ஊழியர்

பன்மைதான். ஆனால் வேலையை விட்டுப் போனவர் ஒருவர்தானே? வினை அவரைப் பார்த்துத்தான் அமைய வேண்டும். மேலதிகாரி திருத்தியது சரி.

இந்தப் பிழை ஏன் வருகிறது என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. தமிழில் 'எங்கள் உறுப்பினர்களில் ஒருவர் விலகிவிட்டார்' என்கிறோம். அடையாக வரும் சொற்களெல்லாம் முன்னால் வந்துவிடுகின்றன. தலைமைச் சொல்லான 'ஒருவர்' கடைசியில், வினைக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. தப்பு செய்ய இடமே இல்லை. ஆங்கிலத்தில் தலைமைச் சொல் முதலிலேயே வந்துவிடும். அதற்கும் வினைக்கும் நடுவில் வேறு பெயர்கள் வந்து உட்கார்ந்துகொள்ளும். 'ஒன்' என்று ஆரம்பித்ததை மறந்து, கடைசியாகக் காதில் விழுந்த 'மெம்பர்ஸ்' என்ற சொல்லுக்கு ஏற்ப வினையைப் போட்டுவிடுகிறோம்.

இது நமக்கு மட்டும் வரும் சிக்கல் என்று யாரும் குறுகிப்போக வேண்டாம். கேத்ரின் பாக், கேரல் மில்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1991இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசி வளர்ந்த கல்லூரி மாணவர்களிடம் 'த கீ டு த கேபினட்ஸ்' போன்ற தொடர்களைக் கொடுத்து வாக்கியத்தை முடிக்கச் சொன்னார்கள். அவர்களிலும் சிலர் 'இஸ்' வர வேண்டிய இடத்தில் 'ஆர்' என்றார்கள். ஒருமைத் தலைமைச் சொல்லுக்குப் பிறகு பன்மை வரும்போதுதான் இந்தச் சறுக்கல் அதிகம். 'கீஸ் டு த கேபினட்' என்று மாறி வந்தால் அவ்வளவாக இல்லை. உங்கள் வாக்கியமும் அந்த முதல் வகைதான்.

வகுப்பில் நான் செய்யச் சொல்வது இது. கையில் பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். 'த லிஸ்ட் ஆஃப் புக்ஸ் நீடட் ஃபார் த ஃபைனல் எக்ஸாம்ஸ் – ஆன் த நோட்டீஸ் போர்டு' என்ற வாக்கியத்தில் கோடிட்ட இடத்துக்கு 'இஸ்' வேண்டுமா, 'ஆர்' வேண்டுமா? 'ஆஃப்' தொடங்கி 'எக்ஸாம்ஸ்' வரைக்கும் அடைப்புக்குள் போடுங்கள். வெளியே மிஞ்சுவது 'லிஸ்ட்' மட்டும். ஆகவே 'இஸ்'. 'அலாங் வித்', 'ஆஸ் வெல் ஆஸ்', 'டுகெதர் வித்' என்று தொடங்கும் துண்டுகளையும் இப்படியே அடைப்புக்குள் தள்ளலாம். 'த பிரின்சிபல், ஆஸ் வெல் ஆஸ் த டீச்சர்ஸ், வாஸ் ப்ரெசன்ட்' என்பதே சரி.

ஒரு விலக்கு உண்டு. 'சம் ஆஃப்', 'ஆல் ஆஃப்', 'மோஸ்ட் ஆஃப்' வந்தால் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, பின்னால் வரும் பெயரைப் பாருங்கள். 'சம் ஆஃப் த வாட்டர் இஸ்', 'சம் ஆஃப் த புக்ஸ் ஆர்'.

இதே இடத்தில் இன்னொரு பிழையும் நிறையப் பார்க்கிறேன்: 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்'. பலரில் ஒருவரைச் சொல்கிறோம் என்பதால் 'ஃப்ரெண்ட்ஸ்' என்ற பன்மையே அங்கே வர வேண்டும்.

அப்படியானால் 'ஷீ இஸ் ஒன் ஆஃப் தோஸ் டீச்சர்ஸ் ஹூ நெவர் லூஸ் தேர் டெம்பர்' என்பதில் 'லூசஸ்' என்றுதானே வர வேண்டும்?
– கல்லூரி மாணவி

இங்கே இரண்டு வினைகள் இருக்கின்றன. 'ஷீ' என்பதற்கு 'இஸ்' பொருந்திவிட்டது. 'ஹூ' யாரைக் குறிக்கிறது? கோபப்படாத ஆசிரியர்கள் பலர். அவர்களில் இவரும் ஒருவர். எனவே 'ஹூ' பன்மை. 'லூஸ்' சரி, 'தேர்' என்பதும் சரி. 'தி ஒன்லி ஒன் ஆஃப் த டீச்சர்ஸ் ஹூ...' என்று எழுதினால் நிலைமை மாறும். அப்போது கோபப்படாதவர் ஒரே ஒருவர், 'லூசஸ்' வரும். நல்ல எழுத்தாளர்கள்கூட முதல் வகையில் ஒருமை வினை எழுதுவதுண்டு. தேர்வில் பன்மையையே எழுதுங்கள்.

'நம்பர் ஆஃப்' வந்தால் ஒருமையா, பன்மையா?
– போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்

'எ நம்பர் ஆஃப்' என்றால் 'பல' என்று பொருள், பன்மை வினை. 'த நம்பர் ஆஃப்' என்றால் எண்ணிக்கையைச் சொல்கிறோம், ஒருமை வினை. 'எ நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ் ஆர் ஆப்சென்ட். த நம்பர் ஆஃப் ஆப்சென்டீஸ் இஸ் ரைசிங்.'

'எவ்ரிஒன்' ஒருமை என்று படித்தோம். பிறகு ஏன் 'எவ்ரிஒன் மஸ்ட் ப்ரிங் தேர் புக்' என்று எழுதுகிறார்கள்? என் மகளின் பயிற்சி ஏட்டில் 'ஹிஸ்' என்று எழுதினால்தான் சரி என்றிருக்கிறது.
– வாசகி

உங்கள் கேள்வியை மிகவும் விரும்பினேன், ஏனென்றால் 'தேர்' பக்கம் நியாயம் நிறைய இருக்கிறது.

'எவ்ரிஒன்' என்பதற்கு வினை ஒருமைதான்: 'எவ்ரிஒன் இஸ்', 'எவ்ரிஒன் ஹேஸ்'. இதில் மாற்றமே கிடையாது. ப்ரோநவுனில்தான் தகராறு. ஆணா பெண்ணா என்று தெரியாத ஒருவரைக் குறிக்க 'தே' என்று சொல்லும் வழக்கம் 14ஆம் நூற்றாண்டிலிருந்தே ஆங்கிலத்தில் இருக்கிறது. 18, 19ஆம் நூற்றாண்டு இலக்கணக்காரர்கள்தான் அதைப் பிழை என்று ஒதுக்கி, 'ஹி' என்பதே இரு பாலுக்கும் பொது என்று வற்புறுத்தினார்கள். 1850இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம், சட்டங்களில் ஆண்பாலாக வரும் சொற்கள் பெண்களையும் குறிக்கும் என்று ஒரு சட்டமே இயற்றியது. பெண்கள் நிறைந்த வகுப்பில் 'எவ்ரிஒன் மஸ்ட் ப்ரிங் ஹிஸ் புக்' என்று என்னால் சொல்ல முடியாது.

2019இல் அமெரிக்க உளவியல் சங்கம் தன் எழுத்து நடைக் கையேட்டின் 7ஆம் பதிப்பில் ஒருமை 'தே' என்பதை ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு மெரியம்-வெப்ஸ்டர் அகராதி 'தே' என்பதை ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது.

ஒருவருக்குப் பன்மைச் சொல்லா என்று தயங்க வேண்டாம். 'யூ' என்பதும் ஒரு காலத்தில் பன்மைதான். ஒருவரைச் சொல்ல 'தௌ' தனியாக இருந்தது. இன்று ஒருவரிடம் பேசும்போதும் 'யூ ஆர்' என்கிறோம். 'தே' என்பதற்கும் அதே கணக்கு: குறிப்பது ஒருவரையே ஆனாலும் வினை 'தே ஆர்'. தமிழில் 'அவர் வந்தார்' என்பதில் உள்ள 'ஆர்' விகுதியும் பலர்பாலுக்கு உரியதுதானே!

மகளின் தேர்வில் 'தேர்' என்பதை ஏற்க மாட்டார்கள் என்றால், 'ஹிஸ் ஆர் ஹர்' என்று எழுதட்டும். முடிந்தால் 'ஆல் ஸ்டூடன்ட்ஸ் மஸ்ட் ப்ரிங் தேர் புக்ஸ்' என்று வாக்கியத்தையே பன்மையாக்கிவிடலாம். எனக்குப் பிடித்த வழி அதுதான்.

'டீம்' என்ற சொல்லுக்கு 'இஸ்' வருமா, 'ஆர்' வருமா?
– விளையாட்டுச் செய்தி எழுதுபவர்

அமெரிக்காவில் பெரும்பாலும் 'இஸ்'. பிரிட்டனில் அணியை ஒரே அமைப்பாகப் பார்த்தால் 'இஸ்', தனித்தனி ஆட்களாகப் பார்த்தால் 'ஆர்'. உங்களுக்கு எது வழக்கமோ அதை வைத்துக்கொள்ளுங்கள், ஒரே வாக்கியத்தில் கலக்காதீர்கள். 'த டீம் ஹேஸ் சேஞ்ச்ட் தேர் கேப்டன்' என்பதில் வினை ஒருமை, ப்ரோநவுன் பன்மை. 'இட்ஸ் கேப்டன்' என்று எழுதினால் இரண்டும் சேரும். 'போலீஸ்' மட்டும் இரு நாட்டிலும் பன்மை: 'த போலீஸ் ஆர்'.

'மோர் தேன் ஒன் பர்சன்' என்றால் குறைந்தது இரண்டு பேர். ஆனாலும் 'வாஸ்' என்கிறார்களே?
– ஓய்வுபெற்ற வாசகர்

நீங்கள் சொல்வது நியாயம், ஐயா. பொருள் பன்மைதான். ஆனால் வினைக்கு முன்னால் நிற்கும் 'ஒன் பர்சன்' ஒருமையாக இருப்பதால் வினையும் ஒருமையாகிவிட்டது. இங்கே பொருளைவிட வடிவமே முந்திக்கொண்டது.

எழுதும்போது சரியாக வருகிறது, பேசும்போது 'ஹி கோ', 'ஷி டோன்ட்' என்று வந்துவிடுகிறது. என்ன செய்வது?
– பொறியியல் மாணவர்

தம்பி, 'பி' வினையை ('ஆம்', 'இஸ்', 'ஆர்', 'வாஸ்', 'வேர்') ஒதுக்கிவிட்டால், ஆங்கில வினை எழுவாயைப் பார்த்து மாறும் இடம் ஒன்றே ஒன்றுதான்: நிகழ்காலப் படர்க்கை ஒருமைக்கு வரும் அந்த 'எஸ்'. வந்தான், வந்தாள், வந்தது, வந்தன என்று பிரித்துப் பேசும் நாக்குக்கு இது பெரிய வேலையில்லை. கேள்வியிலும் எதிர்மறையிலும் அந்த 'எஸ்' முக்கிய வினையை விட்டு 'டூ' மேல் ஏறிக்கொள்ளும்: 'ஹி கோஸ்', 'டஸ் ஹி கோ?', 'ஹி டஸின்ட் கோ'. 'டஸ் ஹி கோஸ்' என்று இரண்டு இடத்தில் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு வினைக்கும் இந்த மூன்று வடிவங்களையும் சேர்த்து வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். 'ஹேவ்' என்ற வினையில் தொடங்குங்கள், பேச்சில் அதிகம் தவறுவது அதில்தான்: 'ஷி ஹேஸ்', 'டஸ் ஷி ஹேவ்?', 'ஷி டஸின்ட் ஹேவ்'.